எந்த மட்டத்திலிருந்து அளப்பது?

பலெர்மோவில் வாழும் ஈழத் தமிழர்களுக்குப் பெல்லெக்ரினோ மலை நன்றாகத் தெரிந்த இடம். சிசிலித் தீவின் தலைநகரான அந்த ஊரின் காவல் தெய்வம்போல் கொண்டாடப்படும் புனித ரொசாலியாவின் குகைக் கோயில் அந்த மலை மேல்தான் இருக்கிறது. கத்தோலிக்கர்கள் மட்டுமல்ல, சைவர்களும் நேர்த்தி வைத்து, கால்நடையாக ஏறி, மெழுகுதிரி கொளுத்திவிட்டு வருகிறார்கள். குகை சுண்ணாம்புப் பாறையால் ஆனது. கூரையில் நீர் கசிந்துகொண்டே இருக்கும். அது கும்பிட வந்தவர்களின் தலையில் சொட்டாமல் இருக்க, கூரையெங்கும் தகடுகளை வளைத்துச் சின்னச் சின்ன வாய்க்கால்களாகப் பொருத்தி, நீரை ஓரத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். எந்தச் சொட்டு எங்கே போய்ச் சேரவேண்டும் என்று ஒருவர் நின்று பார்த்துச் செய்த வேலை அது.

மலையின் மறுபுறம் இறங்கினால் மொண்டெல்லோ. அங்கே அப்படி நின்று பார்த்தவர்கள் குறைவு.

பெல்லெக்ரினோ மலைக்கும் காலோ மலைக்கும் நடுவே, வெள்ளை மணலும் பச்சை நீலக் கடலுமாக இருக்கும் மொண்டெல்லோ, பலெர்மோவாசிகள் கோடையில் குவியும் இடம். அஞ்சலட்டைகளில் பார்த்தால் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் இலையுதிர் காலத்தில் ஒரு பலத்த மழை போதும்; தெருக்களில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். கடைக்காரர்கள் பலகை வைத்து வாசலை அடைப்பார்கள். மறுநாள் பத்திரிகைகளில் மேயர் கண்டிக்கப்படுவார். அதற்கடுத்த மழையிலும் அதே தெருக்கள், அதே படங்கள்.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. 19ஆம் நூற்றாண்டின் கடைசிவரை மொண்டெல்லோ ஒரு சதுப்பு நிலம். மலேரியாவுக்குப் பயந்து மக்கள் ஒதுங்கிய இடம். இரு மலைகளிலிருந்தும் அவற்றுக்கிடையே உள்ள சமவெளியிலிருந்தும் வழிந்து வரும் மழைநீர், கடலுக்குப் போகுமுன் தங்கிச் செல்லும் கழுவெளி. 1890களில் பிரான்செஸ்கோ லான்சா டி ஸ்காலேயா என்ற பிரபு முன்னின்று அதை வடிய வைத்தார். அடுத்த இருபதாண்டுகளுக்குள் இத்தாலி-பெல்ஜியக் கூட்டு நிறுவனம் ஒன்று அந்த நிலத்தைக் கையில் எடுத்தது. டிராம் வண்டி வந்தது, தோட்டங்களோடு கூடிய வில்லாக்கள் எழுந்தன, சதுப்பு மேட்டுக்குடியினரின் கடற்கரை நகரானது. நீரை வடிக்க வெட்டிய கால்வாய்க்கு அதன் வடிவத்தை வைத்துக் 'குதிரை லாடம்' என்று பெயர். இன்றும் மழை பெய்தால் ஊரின் நீரும் அழுக்கும் அதன் வழியாகத்தான் கடலில் வந்து விழுகின்றன.

அந்த நிறுவனம் கட்டியவற்றில் பெயர் பெற்றது 1913இல் முடிந்த குளியல் மாளிகை. கடலுக்குள்ளேயே தூண்கள் நட்டு, கரையோடு ஒரு பாலத்தால் இணைத்து எழுப்பிய கட்டடம் அது. அலை அதன் அடியில் வந்து போகிறது. நூறாண்டு கடந்தும் நிற்கிறது. கடலுக்குள் கட்டியவர்கள் தண்ணீர் வரும் என்று எதிர்பார்த்துக் கட்டினார்கள். கரையில் கட்டியவர்களோ தண்ணீர் போய்விட்டது என்று நம்பிக் கட்டினார்கள். மொண்டெல்லோவின் மொத்தச் சிக்கலும் இந்த வித்தியாசத்தில் இருக்கிறது.

நிலத்தை வடியவைப்பது என்றால் நீர் வரும் வழியை மாற்றுவதல்ல; வந்த நீர் தங்கும் நேரத்தைக் குறைப்பது, அவ்வளவுதான். நிலத்தின் மட்டம் அப்படியே கிடக்கிறது. கடலை ஒட்டிய தாழ்நிலம் என்பதால் கால்வாய்க்கு வாட்டம் மிகக் குறைவு. கடல் கொந்தளிக்கும் நேரத்தில் முகத்துவாரத்தில் நீர் வெளியேறவும் மறுக்கும். நிலத்தடி நீர் சற்றே தோண்டினால் எட்டும் ஆழத்தில் இருக்கும். இப்படிப்பட்ட இடத்தில் முதல் வில்லாக்களைச் சுற்றி இருந்தது தோட்டம். மழைநீரில் ஒரு பங்கை மண் குடித்தது. பிறகு தோட்டங்களின் இடத்தில் கான்கிரீட் வந்தது.

எப்படி வந்தது என்பதற்குப் பலெர்மோவில் ஒரு பெயரே உண்டு: 'பலெர்மோவின் சூறையாடல்'. 1950களின் இறுதியில் தொடங்கி, எலுமிச்சைத் தோப்புகள் நிறைந்த கோங்கா தோரோ சமவெளி சில ஆண்டுகளில் அடுக்குமாடிக் குடியிருப்புகளாகிவிட்டது. சல்வோ லீமா மேயர், வீத்தோ சாஞ்சிமீனோ பொதுப்பணிக்குப் பொறுப்பாளர். நான்காயிரத்துக்கும் மேற்பட்ட கட்டட அனுமதிகள் வழங்கப்பட்டன. அவற்றில் பெரும்பங்கு விரல்விட்டு எண்ணக்கூடிய பினாமிகளின் பெயரில். சாஞ்சிமீனோ பின்னாளில் மாஃபியாத் தொடர்புக்காகத் தண்டிக்கப்பட்டார். லீமா 1992 மார்ச் 12 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் வீடு இருந்த மொண்டெல்லோவில்தான் அது நடந்தது.

இன்று மொண்டெல்லோவுக்கு மேலே அண்ணாந்து பார்த்தால் பித்ஸோ செல்லா என்ற குன்று தெரியும். 1978இல் அந்த மொட்டைக் குன்றின் சரிவில் 314 வில்லாக்கள் கட்ட மாநகராட்சி அனுமதி கொடுத்தது. மாஃபியாத் தலைவர் ஒருவரின் குடும்பத்தோடு தொடர்புடைய நிறுவனத்துக்கு. வழக்கு, பறிமுதல், மேல்முறையீடு என்று பல ஆண்டுகள் ஓடின. முடிக்கப்படாமல் நின்ற எலும்புக்கூடுகள் மட்டும் நூற்றுக்கு மேல். ஊர் மக்கள் அதை 'அவமானக் குன்று' என்கிறார்கள். பாறைச் சரிவில் சாலை வெட்டி, தளம் போட்டு, சுவர் எழுப்பினால் மழைநீர் இன்னும் வேகமாகக் கீழே இறங்கும் என்பதை விளக்கப் பொறியியல் பட்டம் தேவையில்லை.

இத்தாலியில் விதிகள் இல்லாமல் இல்லை என்பதுதான் வேடிக்கை. ஆற்றுக் கரையிலிருந்து பத்து மீட்டருக்குள் கட்டக்கூடாது என்று 1904ஆம் ஆண்டு அரசாணையே சொல்கிறது. கடற்கரையிலிருந்து 150 மீட்டருக்குள் கட்டக்கூடாது என்று சிசிலி 1976இல் தனிச் சட்டம் போட்டது. 1998 மே மாதம் நேப்பிள்ஸ் அருகே சார்னோவில் சேற்று வெள்ளம் 160 பேரைக் கொன்ற பிறகு, நாடு முழுக்க அபாயப் பகுதிகளைத் தரம் பிரித்து வரைபடமாக்கும் வேலை முடுக்கிவிடப்பட்டது. இப்போது எந்தத் தெரு எந்த அபாய வகுப்பில் வருகிறது என்று யாரும் பார்த்துக்கொள்ளலாம். நடுத்தர வெள்ள அபாயப் பகுதிகளில் மட்டும் 68 லட்சம் பேர் வசிப்பதாக அந்நாட்டின் சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனமான இஸ்ப்ரா 2021இல் கணக்குச் சொன்னது.

ஆனால் அதே நாடு 1985, 1994, 2003 என மூன்று முறை, அபராதம் கட்டினால் விதிமீறல் கட்டடம் சட்டப்படியானதாகிவிடும் என்று பொது மன்னிப்பு வழங்கியது. அபாயப் பகுதிகளுக்கு மன்னிப்பில் கட்டுப்பாடுகள் இருந்தன, உண்மை. ஆனால் மக்கள் மனத்தில் பதிந்தது வேறு. இப்போது கட்டிக்கொள், அடுத்த மன்னிப்பு வரும்வரை காத்திரு என்பதுதான் அது. மன்னிப்புக்கு விண்ணப்பித்தவர்களின் கோப்புகள் நகராட்சி அலமாரிகளில் ஆண்டுக்கணக்கில் தூங்கின. அதுவரை இடிக்க முடியாது.

காஸ்தெல்தாச்சா வீட்டின் கதை இதன் உச்சம். பலெர்மோவிலிருந்து கிழக்கே கொஞ்ச தூரத்தில், மிலிச்சா என்ற சிற்றாற்றை ஒட்டி அனுமதியின்றிக் கட்டப்பட்ட வில்லா அது. 2008இல் இடிப்பு ஆணை போடப்பட்டது. உரிமையாளர்கள் நிர்வாக நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2011இல் மனு தள்ளுபடியானது. வழக்கு நிலுவையில் இருப்பதாக நகராட்சி நினைத்துக்கொண்டிருந்தது; முடிந்துவிட்டது என்று நீதிமன்றம் பிறகு சொன்னது. இந்த இழுபறிக்கு இடையில் வீடு வாடகைக்கும் விடப்பட்டது. 2018 நவம்பர் 3, சனிக்கிழமை இரவு. விடுமுறைக்காக இரண்டு குடும்பங்கள் கூடியிருந்தன. ஆறு பெருகிக் கூரை வரை ஏறியது. குழந்தைகள் உட்பட ஒன்பது பேர் இறந்தார்கள். இனிப்பு வாங்கக் கடைக்குப் போயிருந்தவர்கள் பிழைத்தார்கள்.

பத்தாண்டு பழைய இடிப்பு ஆணை கோப்பில் இருந்தது. அந்த வீடு எவ்வளவு வலுவாகக் கட்டப்பட்டிருந்தாலும் அது இருந்த இடத்துக்கு விமோசனம் இல்லை.

இங்கேதான் 'வெள்ளத்தைத் தாங்கும் கட்டடத் தரம்' என்று பேசுபவர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். கட்டடத்தை எப்படிக் கட்டுவது என்பது இரண்டாவது கேள்வி. எந்த மட்டத்திலிருந்து அளப்பது என்பது முதல் கேள்வி. இந்தியாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, வீட்டின் தரைத்தளம் சுற்றியுள்ள நிலமட்டத்திலிருந்து குறைந்தது 450 மில்லிமீட்டர் உயர்ந்திருக்க வேண்டும் என்கிறது. ஒன்றரை அடி. சுற்றியுள்ள நிலமே ஐந்தடி வெள்ளத்தில் மூழ்கும் பகுதியாக இருந்தால் அந்த ஒன்றரை அடியால் என்ன பயன்? அமெரிக்காவில், எந்த ஆண்டிலும் வருவதற்கு நூற்றில் ஒரு வாய்ப்புள்ள வெள்ளம் எவ்வளவு உயரம் ஏறும் என்று கணக்கிட்டு, தரைத்தளத்தை அந்த அளவுக்குத் தூக்க வேண்டும் என்கிறார்கள். அங்கே அளவுகோல் தண்ணீர், இங்கே தெரு. நம் மேஸ்திரிகள் டியூபில் தண்ணீர் நிரப்பித்தான் மட்டம் பிடிக்கிறார்கள், ஆனாலும் தண்ணீர் எங்கே நிற்கும் என்று யாரும் கேட்பதில்லை.

தெருமட்டமும் நிலையானதல்ல. பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே தார் போட்டுப் போட்டுச் சென்னையின் தெருக்கள் வளர்ந்துகொண்டே போயின. வீடுகள் பள்ளத்துக்குப் போயின. சுரண்டிவிட்டுத்தான் போடவேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவு போட வேண்டியிருந்தது. வேளச்சேரி, மடிப்பாக்கம் பக்கம் போனால் ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்கும் வேலையைப் பார்க்கலாம். சுவரின் அடியை ஒட்டித் தோண்டி, வரிசையாக ஜாக்கிகளைச் செருகுகிறார்கள். மேற்பார்வையாளர் குரல் கொடுத்ததும் ஆட்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரு திருகு திருகுகிறார்கள். வீடு, அடுப்பும் பீரோவும் உள்ளே இருக்க, கண்ணுக்குத் தெரியாத அளவில் மேலே வருகிறது. இடைவெளியில் செங்கல் வைத்துக் கட்டுகிறார்கள். லட்சக்கணக்கில் செலவாகும். ஓய்வூதியப் பணத்தில் இதைச் செய்தவர்கள் உண்டு. பக்கத்து வீடு உயர்ந்ததும் அடுத்த வீட்டுக்காரர் தன் முறைக்குப் பணம் சேர்க்கத் தொடங்குகிறார்.

தனி வீட்டை உயர்த்துவது அந்த வீட்டைக் காப்பாற்றும், தண்ணீரைக் குறைக்காது. மனையையே மண் கொட்டி உயர்த்துவது அதைவிட மோசம். அந்த மனையில் நின்றிருக்க வேண்டிய நீர் பக்கத்து மனைக்குப் போகும். ஒரு கிரவுண்டு நிலத்தில் பத்து சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் சுமார் 22,000 லிட்டர். கிட்டத்தட்ட இரண்டு டேங்கர் லாரிகள். 2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. அந்தக் கணக்கில் ஒவ்வொரு கிரவுண்டிலிருந்தும் பத்து லாரித் தண்ணீர் எங்காவது போயாக வேண்டும்.

இந்த இடத்தில் இத்தாலியிடமிருந்து கற்க ஒன்று இருக்கிறது. 'நீரியல் மாறாமை' என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம். கட்டடம் வந்த பிறகு அந்த மனையிலிருந்து வெளியேறும் மழைநீர், கட்டடம் வருமுன் வெளியேறியதைவிட அதிகமாகக் கூடாது. மிச்சத்தைக் கட்டுபவர் தன் மனைக்குள்ளேயே தொட்டியிலோ, தோட்டப் பள்ளத்திலோ, நீர் இறங்கும் தளத்திலோ தேக்கி மெதுவாக விடவேண்டும். லொம்பார்தி மாநிலம் 2017இல் இதை விதியாக்கியது. சிசிலி 2021இல்தான் வந்து சேர்ந்தது. பலெர்மோவுக்கு அதற்கு முந்தைய ஆண்டே பாடம் கிடைத்திருந்தது. 2020 ஜூலை 15, புனித ரொசாலியாவின் திருநாள். வழக்கமாக ஒரு துளிகூட விழாத மாதத்தில் சில மணி நேரத்துக்குள் 13 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. வானிலை எச்சரிக்கையும் இல்லை. சுற்றுச்சாலையின் சுரங்கப்பாதைகள் நிரம்பி, மக்கள் காரின் கதவைத் திறந்து நீந்தி வெளியேறினார்கள். இருவர் மூழ்கிவிட்டதாகச் செய்தி பரவி, முக்குளிப்பவர்கள் இரவெல்லாம் தேடினார்கள். நல்லவேளை, யாரும் இறக்கவில்லை.

தமிழ்நாட்டில் இதற்கு இணையாக மழைநீர்ச் சேகரிப்பு 2003 முதல் கட்டாயம் என்று யாராவது சொல்லக்கூடும். நல்ல விதிதான். ஆனால் மயிலாப்பூர் மணலில் வேலை செய்யும் உறைகிணறு, பள்ளிக்கரணைக் களிமண்ணில் நவம்பரில் வேலை செய்யாது. நிலத்தடி நீர் ஏற்கெனவே மேலே வந்து நிற்கும்போது எதை உறிஞ்சும்? அங்கே தேவை உறிஞ்சும் குழியல்ல, தேக்கும் தொட்டி. ஊர் முழுக்க ஒரே விதி என்பது விதி போடுபவருக்கு வசதி, நிலத்துக்கு அல்ல.

பள்ளிக்கரணையை மொண்டெல்லோவின் உடன்பிறப்பு என்று சொன்னால் மிகையாகாது. தென்சென்னையின் ஏரிகள் நிரம்பி வழிந்து வந்து சேரும் கழுவெளி. ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கும் முட்டுக்காட்டுக்கும் போகும் குறுகலான வாய். ஒரு காலத்தில் சுமார் 50 சதுர கிலோமீட்டர் பரந்திருந்ததாகச் சொல்லப்படும் சதுப்பில், 2022இல் உலக ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலுக்குப் போனது 1,248 ஹெக்டேர். மிச்சத்தில் குப்பைக் கிடங்கு, மென்பொருள் அலுவலகங்கள், கல்லூரிகள், அடுக்குமாடிகள். ராம்சர் எல்லையைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள், கள ஆய்வு முடியும்வரை புதிய கட்டுமான அனுமதி தரக்கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2025 செப்டம்பரில் உத்தரவிட்டது. எல்லைக்கல்லையே நடாமல் அனுமதி கொடுத்துக்கொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது.

இத்தகைய மண்ணில் கட்டட நுட்பமும் தனியாக யோசிக்க வேண்டியது. தரைக்குக் கீழே தளம் தோண்டுவதைப் பொறுத்தவரை சமரசத்துக்கு இடமில்லை. 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயல் மழையில், வேளச்சேரி ஐந்து பர்லாங் சாலை அருகே கட்டுமானத்துக்காகத் தோண்டிய சுமார் 50 அடிப் பள்ளம் சரிந்தது. உள்ளே விழுந்த இருவரின் உடல்களை மீட்கப் பல நாள் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார்கள். ஸ்பெயினின் வலென்சியாவில் 2024 அக்டோபர் 29 வெள்ளத்தில் 220க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் தரைத்தள வீடுகளிலும், காரை எடுக்க இறங்கிய நிலவறைகளிலும் சிக்கியவர்கள். வெள்ளப் பகுதியில் நிலவறை வாகன நிறுத்தம் என்பது சாவுக்கிடங்கு.

சரி, தூண் மேல் கட்டி, கீழே காலியாக விட்டால்? ஸ்டில்ட் பார்க்கிங் வெள்ளத்துக்கு நல்லது. மொண்டெல்லோ குளியல் மாளிகையின் அதே உத்தி. ஆனால் சுவர் இல்லாத கீழ்த்தளம் நிலநடுக்கத்தில் முதலில் மடியும். 2001 குஜராத் நிலநடுக்கத்தில் அகமதாபாத்தில் சரிந்த அடுக்குமாடிகளில் பல இந்த வகை. பலெர்மோவும் நில அதிர்வுப் பகுதி; சென்னையும் அதிலிருந்து முற்றிலும் தப்பிய ஊரல்ல. தூண்களையும் இணைப்புகளையும் கூடுதல் பலத்தோடு வடிவமைக்க வேண்டும், அதற்குச் செலவாகும். மின்சாரப் பெட்டி, லிப்ட் இயந்திரம், ஜெனரேட்டர் மூன்றையும் முதல் மாடிக்கு ஏற்ற வேண்டும். கழிவுநீர்க் குழாயில் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு வேண்டும். இல்லையென்றால் வாசலை அடைத்தவர் வீட்டுக்குள் கழிவறை வழியாக வெள்ளம் வரும். இவை அரிய நுட்பங்கள் அல்ல. விதியில் எழுதி, கட்டட நிறைவுச் சான்றிதழுக்கு முன் ஒருவர் நேரில் போய்ப் பார்த்தால் போதும்.

நேரில் போய்ப் பார்ப்பதுதான் நடப்பதில்லை. அதற்குப் பதிலாக நம்மிடமும் மன்னிப்பு இருக்கிறது. நகர ஊரமைப்புச் சட்டத்தில் 1998இல் 113-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, விதிமீறல் கட்டடங்களை வரன்முறைப்படுத்தினார்கள். பிறகு காலக்கெடு நீண்டது. நீதிமன்றம் கடிந்துகொண்டது. பிறகு 113-சி வந்தது. 2017இல் அங்கீகாரம் பெறாத மனைகளுக்குத் தனித் திட்டம் வந்தது. நீர்நிலைகளில் உள்ள மனைகளுக்கு அது பொருந்தாது என்று விதி சொன்னது. ஆனால் பட்டா நிலமாக இருக்கும் கழுவெளியின் ஓரம் நீர்நிலைக் கணக்கில் வராதே. 1985, 1994, 2003 என்ற இத்தாலியின் வரிசைக்கும் இதற்கும் வேறுபாடு தேடுவது வீண்வேலை.

ஏழைகள் எங்கே போவார்கள் என்ற கேள்வி நியாயமானது. அடையாற்றங்கரைக் குடிசைகளை 2015க்குப் பிறகு அப்புறப்படுத்தியபோது, அந்தக் குடும்பங்களில் பல அனுப்பப்பட்டது பெரும்பாக்கத்துக்கு. அதாவது இன்னொரு சதுப்பின் ஓரத்துக்கு. அதே சமயம் பித்ஸோ செல்லாவில் வில்லா கட்டியவர்களும், பள்ளிக்கரணையை எட்டிப்பார்க்கும் அடுக்குமாடிகளை விற்பவர்களும் ஏழைகள் அல்ல. இடிப்பு ஆணை ஒரு தரப்புக்கு மறுநாள் காலையிலும், இன்னொரு தரப்புக்குப் பத்தாண்டு கழித்தும் நிறைவேறும் என்றால், எந்தத் தரநிலையையும் யாரும் மதிக்க மாட்டார்கள்.

இத்தாலி இப்போது பணத்தின் வழியாக ஒரு முயற்சி செய்கிறது. நிறுவனங்கள் இயற்கைப் பேரிடருக்குக் கட்டாயமாகக் காப்பீடு எடுக்க வேண்டும் என்ற சட்டம் 2025 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வருகிறது. விதிமீறிக் கட்டிய கட்டடங்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. வீடுகளை இன்னும் சேர்க்கவில்லை. சேர்க்கும் துணிவு எந்த அரசுக்கு வரும் என்று தெரியவில்லை. ஆனால் காப்பீட்டு நிறுவனம் மறுக்கும் இடத்தில் வங்கியும் கடன் தரத் தயங்கும். நகராட்சி செய்யாததை வட்டி விகிதம் செய்யக்கூடும்.

சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் 2027 முதல் 2046 வரைக்கான மூன்றாவது முழுமைத் திட்டத்தைத் தயாரித்துக்கொண்டிருக்கிறது. 2015, 2023 வெள்ளங்களின் நீர்மட்டத்தைச் சர்வே எண் வாரியாக அதில் வெளியிட வேண்டும். தரைத்தள உயரத்தைத் தெருவிலிருந்து அல்லாமல் அந்த நீர்மட்டத்திலிருந்து அளக்க வேண்டும். அந்தப் பகுதிகளில் நிலவறைக்கும் மண் நிரப்பலுக்கும் அனுமதி கூடாது. இனி வரன்முறை என்ற பெயரில் ஒரு கதவும் திறக்கக்கூடாது. அதுவரை மனை வாங்கப் போகிறவர்கள் வில்லங்கச் சான்றிதழோடு, இரண்டு வெள்ளத்திலும் அந்தத் தெருவில் தண்ணீர் எந்த உயரத்தில் நின்றது என்று பக்கத்து வீட்டில் விசாரித்துக்கொள்ளட்டும். அந்த அளவை விற்பனைப் பத்திரத்திலேயே எழுத வேண்டும் என்று பதிவுத்துறை ஆணையிட வேண்டும்.